ஏழு நாளுக்கு ஒரு முறை: ஆண்கள் தலை கழுவிய வரலாறு

நம் ஊர்களில் ஒரு மவ்த் நிகழ்ந்துவிட்டால், கபன் துணி வாங்க ஒருவரும் கப்ரு வெட்டச் சொல்ல ஒருவரும் புறப்படும்போதே, இலந்தை இலை பறித்துவர இன்னொருவரும் அனுப்பப்படுவார். அந்த இலையை இடித்துக் கலந்த நீரால் மய்யித்தின் தலையையும் உடலையும் கழுவுவோம். கடைசி முறை ஊற்றும் நீரில் கற்பூரம் சேர்ப்போம். நபி (ஸல்) அவர்களின் மகளார் இறந்தபோது அவர்களைக் குளிப்பாட்டிய உம்மு அத்திய்யா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்த முறை இது. மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் கழுவ வேண்டும் என்பதும், இலந்தை இலையும், இறுதியில் கற்பூரமும் புகாரியின் ஜனாஸா பாடத்தில் பதிவாகியுள்ளன.

இதனால் இலந்தை என்றாலே இறந்தவருக்குரிய இலை என்ற எண்ணம் நம்மிடையே படிந்துவிட்டது. உண்மையில் அன்றைய அரபு மக்களுக்கு அது அன்றாடத் தேய்ப்புப் பொருள். அரபியில் ‘ஸித்ர்’ எனப்படும் மரமும் நம் இலந்தையும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. இரண்டின் இலையிலும் நீரில் நுரைக்கும் ‘சபோனின்’ என்னும் பொருள் உண்டு. அந்த நுரையே எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி நீரோடு கொண்டு செல்கிறது. கைஸ் இப்னு ஆஸிம் (ரலி) இஸ்லாத்தை ஏற்க வந்தபோது, நீராலும் இலந்தை இலையாலும் குளித்துவருமாறு நபியவர்கள் பணித்தார்கள் என்று அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்கின்றனர். மார்க்கத்துக்குள் நுழையும் நாளிலும் உலகை விட்டுப் பிரியும் நாளிலும் ஒரே இலை. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட வாழ்நாளில் ஆண்கள் தங்கள் தலையை எவ்வாறு பேணினார்கள் என்பதையே இக்கட்டுரை பார்க்க முயல்கிறது.

ஒரு தலையின் வேதனைக்காக இறங்கிய வசனம்

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) உம்ரா செய்யப் புறப்பட்ட நபித்தோழர்கள் ஹுதைபிய்யாவில் தங்கியிருந்தனர். இஹ்ராம் கட்டியவர் முடி களையக் கூடாது. கஅப் இப்னு உஜ்ரா (ரலி) ஒரு சட்டியின் கீழே தீ மூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தலையிலிருந்து பேன்கள் முகத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. அதைக் கண்ட நபியவர்கள், இவை உமக்குத் தொல்லை தருகின்றனவா என்று கேட்டு, தலையை மழித்துக்கொள்ள அனுமதித்தார்கள். அதற்குப் பரிகாரமாக மூன்று நாள் நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஒரு பிராணியை அறுத்துப் பலியிடுதல் என்று விதிக்கப்பட்டது. அல்பகரா அத்தியாயத்தின் 196ஆம் வசனத்தில், தலையில் வேதனை உள்ளவரைப் பற்றிய சட்டமாக இது இடம்பெற்றுள்ளது.

தலை அரிப்பைச் சிறு தொல்லை என்றும், ஆண்பிள்ளை பேசக்கூடாத பேச்சு என்றும் நாம் ஒதுக்குகிறோம். இறைவனோ அதற்காக இஹ்ராமின் ஒரு தடையைத் தளர்த்திச் சட்டம் வகுத்தான்.

இன்னொரு நிகழ்ச்சி அப்வா என்னும் இடத்தில் நடந்தது. இஹ்ராமில் இருப்பவர் தலையைக் கழுவலாமா என்பதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும் மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) அவர்களுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. அதைத் தீர்க்க அபூஅய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களிடம் ஆள் அனுப்பினார்கள். சென்றவர் கண்டபோது, அபூஅய்யூப் அவர்கள் கிணற்றடியில் இரண்டு தூண்களுக்கிடையே துணியால் மறைத்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். கேள்வியைச் செவியுற்றதும் தலை தெரியும் அளவுக்குத் துணியைத் தாழ்த்தி, உதவியாளரை நீர் ஊற்றச் சொல்லி, இரு கைகளாலும் தலையை முன்னும் பின்னுமாகத் தேய்த்துக் காட்டினார்கள். நபியவர்கள் இவ்வாறு செய்யக் கண்டேன் என்பதே அவர்கள் தந்த விடை. நபியவர்கள் தலை கழுவிய கை அசைவுகூட இப்படி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முடியின் வேரே அளவுகோல்

கடமையான குளிப்பை நபியவர்கள் நிறைவேற்றிய முறையை ஆயிஷா (ரலி) அவர்கள் விவரித்துள்ளார்கள். உளூச் செய்த பின் விரல்களை நீரில் நனைத்து முடியின் வேர்களைக் கோதுவார்கள். தோல் நனைந்துவிட்டது என்று உணர்ந்த பிறகே மூன்று முறை தலையில் நீர் ஊற்றுவார்கள். இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் தோல், பிறகே முடி. நபியவர்களின் முடி காதுச் சோணை வரையும் சில வேளை தோளை எட்டும் அளவிலும் இருந்தது என்பதால் இம்முறை அவர்களுக்கு மிகவும் தேவையாக இருந்தது.

ஒரு முடியின் இடம்கூட நனையாமல் போய்விடக் கூடாதே என்ற அச்சத்தால் அலீ (ரலி) அவர்கள் தம் தலையை மழித்துவந்ததாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தரத்தைப் பற்றி ஹதீஸ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், தலைத்தோல் மீது முன்னோர் கொண்டிருந்த கவனத்தை அது காட்டுகிறது.

இதற்கு நிறைய நீர் வேண்டும் என்பதும் இல்லை. ஒரு ஸாவு, அதாவது ஏறத்தாழ மூன்று லிட்டர் நீரில் நபியவர்கள் குளித்திருக்கிறார்கள். அவ்வளவு நீர் எனக்குப் போதாது என்று ஒருவர் சொன்னபோது, உம்மைவிட அதிக முடியும் உம்மைவிட மேன்மையும் உடையவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். வேலையைச் செய்வது விரல். நீர் அதற்குத் துணை.

கால அளவும் குறிக்கப்பட்டது. ஏழு நாளுக்கு ஒரு முறையேனும் தலையையும் உடலையும் கழுவிக் குளிப்பது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் அல்லாஹ்வுக்குள்ள உரிமை என்ற கருத்தை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்கின்றனர். உடல் என்றாலே தலையும் அடங்கும். ஆயினும் தலை தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது. ஜும்ஆக் குளிப்பின் பின்னணியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்குகிறார்கள். அன்றைய மக்கள் கம்பளி உடுத்தி முதுகில் சுமை தூக்கி உழைத்தவர்கள். பள்ளிவாசலோ குறுகலானது, கூரையும் தாழ்வானது. வெயில் நாளில் வியர்வை நாற்றம் ஒருவர் மற்றவருக்குத் தொல்லையாயிற்று. அப்போதுதான் குளித்து, எண்ணெயும் நறுமணமும் பூசிவருமாறு நபியவர்கள் பணித்தார்கள். ஆகவே ஜும்ஆக் குளிப்பு உழைப்பாளிகளின் வரலாற்றில் பிறந்தது. தோட்டத்திலிருந்து நேரே பள்ளிக்கு வரும் நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

மலையடிவாரத்தின் இலைகளும் காய்களும்

பண்ணைப்புரம், தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியவை. தலை கழுவுவதற்கான பொருளை இப்பகுதி மக்கள் தொலைவில் தேட வேண்டியிருக்கவில்லை. சீயக்காய்க் கொடி மலைக்காடுகளில் படர்வது. உசிலை மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்தால் அரப்பு. தேனியிலிருந்து மதுரை செல்லும் வழியில் உள்ள உசிலம்பட்டி அந்த மரத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. பூந்திக்கொட்டையும் உண்டு. இவை அனைத்திலும் இலந்தை இலையில் உள்ள அதே சபோனின்தான் அழுக்கை நீக்குகிறது.

அரபு மக்கள் இலந்தையோடு ‘கித்மி’ என்னும் செடியையும் தலைக்குப் பயன்படுத்தினர். இஹ்ராமில் இருப்பவர் தலையையும் தாடியையும் கித்மியால் கழுவலாகாது என்று ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற சட்ட நூலான ஹிதாயா கூறுகிறது. 12ஆம் நூற்றாண்டில் மர்ஃகீனானி இயற்றிய நூல் அது. இஹ்ராமில் விலக்கப்பட்டது என்றால், ஏனைய நாள்களில் அது வழக்கத்தில் இருந்தது என்று பொருள். அந்தக் கித்மி நம் செம்பருத்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் நீரில் கசக்கினால் வழுவழுப்பான சாறு வரும். செம்பருத்தி இலையை அரைத்துத் தலையில் தேய்த்த நம் பாட்டிமார்களுக்குக் கித்மி என்ற சொல் தெரிந்திருக்காது. எனினும் கூஃபாவிலும் பக்தாதிலும் செய்ததையே அவர்கள் கொல்லைப்புறத்தில் செய்தார்கள்.

தமிழகத்தில் பொதுவாக ஆண்கள் புதனும் சனியும், பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது மரபு. முஸ்லிம் வீடுகளில் ஆண்களின் குளியல் ஜும்ஆவை ஒட்டி வெள்ளிக்கு இடம் மாறியது. நாள்தான் வேறு, நல்லெண்ணெயும் சீயக்காயும் ஒன்றே. முந்தைய தலைமுறைகளில் நம் ஆண்களில் பலர் தலையை மழித்துத் தொப்பியோ தலைப்பாகையோ அணிந்தனர். அவர்களுக்குத் தலை கழுவுதல் என்பது நேராகத் தலைத்தோலைக் கழுவுவதாகவே இருந்தது. கிராப்பு வைக்கும் வழக்கம் பரவிய பிறகே முடி முன்னுக்கு வந்து தோல் மறைந்தது.

அமுக்குவதிலிருந்து நுரைக்கு

நாம் இன்று சொல்லும் ஷாம்பு என்ற சொல் இந்தியாவில் பிறந்தது. அமுக்கு, பிசை என்னும் பொருளுடைய ‘சாம்ப்போ’ என்ற இந்திச் சொல்லே அதன் மூலம். அதை மேல்நாட்டில் புகழடையச் செய்தவர் 1759இல் பாட்னாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தீன் முஹம்மது. கம்பெனிப் படையில் பணியாற்றி, 1784இல் அயர்லாந்து சென்றார். அங்கு ஓர் ஐரியப் பெண்ணை மணந்து கிறித்தவரானார். 1794இல் தம் பயணங்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரை நகரில் குளியல் நிலையம் நடத்தி, மூலிகை நீராவியில் உடலைப் பிசைந்துவிடும் சிகிச்சைக்குப் பெயர் பெற்றார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர்களுக்கும் அப்பணியைச் செய்தார். 1851இல் காலமானார். அவர் காலத்தில் ஷாம்பு என்றால் பிசைந்துவிடுதல் மட்டுமே. 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சொல் தலையைத் தேய்த்துக் கழுவுவதைக் குறிக்கத் தொடங்கியது. அதன் பின்னர் கழுவும் பொருளையே குறிக்கலாயிற்று. சொல்லின் பொருள் கையிலிருந்து புட்டிக்கு மாறிவிட்டது.

அந்தப் புட்டியும் நெடுங்காலம் வசதி படைத்தோருக்கே எட்டியது. அதை மாற்றியது நம் தமிழகம். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், செல்வர் வாங்கும் பொருள் கூலியாளுக்கும் எட்ட வேண்டும் என்று எண்ணிச் சிறு பொட்டல முறையை வகுத்தார். அவர் குடும்பத்தார் ஷாம்புவை அவ்வாறு விற்றனர். மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொழில் தொடங்கி, தந்தையின் பெயரெழுத்துகளைக் கொண்டு ‘சிக்’ என்ற ஷாம்புவை வெளியிட்டார். 1990களின் இறுதியில் அது 50 காசுக்கும் கிடைத்தது. பண்ணைப்புரம் போன்ற ஓர் ஊரின் பெட்டிக்கடையில் இன்று சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளின் கதை இதுவே.

இதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பாகத் தலையில் படியும். ஷாம்பு அப்படிப் படிவதில்லை. எண்ணெய் ஊறவைத்துச் சீயக்காய் தேய்த்துக் குளிக்க ஒரு காலைப்பொழுது வேண்டும். கூலி வேலைக்கு விடியலில் ஜீப் ஏறுபவருக்கு அந்தப் பொழுது இல்லை. பாக்கெட்டு அவருக்கு உதவியது. ஆனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. நுரை வந்தாலே தலை சுத்தமாகிவிட்டது என்று எண்ணத் தொடங்கினோம். முடி பளபளத்தால் போதும் என்றாயிற்று. விரல் வேரைத் தொடுவது குறைந்தது.

தலைத்தோல் சொல்வது

பருவமடைந்த ஆணின் தலைத்தோல், ஆண் சுரப்பிநீரின் தூண்டுதலால் மிகுதியான எண்ணெயைச் சுரக்கிறது. எல்லோர் தலையிலும் வாழும் ‘மலாசீசியா’ என்னும் நுண்ணிய பூஞ்சை அந்த எண்ணெயை உண்டு, எரிச்சலூட்டும் கொழுப்பமிலங்களை விட்டுச் செல்கிறது. அதைத் தாங்காத தோல் செதில் செதிலாக உரிவதே பொடுகு. ஆகவே பொடுகு உள்ளவர் அசுத்தமானவர் என்று நினைப்பது தவறு. ஆனால் தலையைப் பல நாள் கழுவாமல் விட்டால் அது பெருகும். அரிக்கும் தலை ‘வறண்டுவிட்டது’ என்று எண்ணி எண்ணெய் தடவி நாள்கணக்கில் விட்டுவிடுவதும் பலருக்கு அதைக் கூட்டவே செய்யும்.

எண்ணெய்க்குரிய இடம் குளிப்புக்கு முன்பு. கழுவுவதற்கு முன் தடவிய தேங்காய் எண்ணெய், முடியின் புரதம் நீரில் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எண்ணெய் விற்கும் நிறுவனத்தாரே செய்த ஆய்வு அது என்பதையும் நினைவில் கொள்ளலாம். அந்த நன்மை முடிக்கு உரியது. பொடுகுக்கு அது மருந்தாகாது. சீயக்காயும் அரப்பும் பிசுக்கைப் போக்கும். பொடுகு மிகுந்தால் கீட்டோகோனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்பு வேண்டும். அதைத் தேய்த்தவுடன் கழுவிவிடாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் தோலில் இருக்கவிட்டால்தான் பயன் தரும். தடித்த வெள்ளித் திட்டுகள், பிள்ளைகளின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்த இடம், சீழ் ஆகியவை கண்டால் தோல் மருத்துவரிடம் செல்வதே முறை. பரம்பரையாக வரும் வழுக்கைக்குத் தொப்பியோ தினமும் தலை கழுவுவதோ காரணமன்று. ஈரத் தலையில் தொப்பி அணிவதையும், துவைக்காத தொப்பியை மாதக்கணக்கில் அணிவதையும் தவிர்த்தால் போதும்.

நம் பள்ளத்தாக்குக்கென்று தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. திராட்சைத் தோட்டங்களிலும் மலைமேல் ஏலத்தோட்டங்களிலும் பூச்சிமருந்து தெளிப்பது இங்கே பலருடைய பிழைப்பு. பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தை வைத்து அமெரிக்காவில் நடந்து 1971இல் வெளியான ஆய்வில், முன்கைத் தோல் உறிஞ்சியதைவிட மூன்று மடங்குக்கும் மேலாகத் தலைத்தோல் உறிஞ்சியது தெரியவந்தது. மருந்தடித்துவிட்டு வரும் சகோதரர் கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தால், தலையில் படிந்த நஞ்சு இரவெல்லாம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். தெளிக்கும்போது தலையை மூட வேண்டும். அன்று மாலையே சோப்போ ஷாம்புவோ தேய்த்துத் தலையைக் கழுவ வேண்டும். தலையில் கட்டிய துண்டையும் தனியே துவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கலாகாது. ஏழு நாளுக்கு ஒரு முறை என்பது குறைந்த அளவு. உழைப்புக்கு ஏற்ப அது கூடும்.

கடமையான குளிப்பைப் பற்றிய ஐயம் ஒன்றையும் இங்கே தெளிவுபடுத்தலாம். தலையில் எண்ணெய்ப் பசை இருப்பது குளிப்புக்குத் தடையன்று என்பது ஹனஃபி அறிஞர்களின் கூற்று. நீர் புகாத படலமாக ஒட்டிக்கொள்ளும் பொருளாயின், அதை நீக்கி நீர் வேரைச் சேரும்படி செய்ய வேண்டும்.

வேரைத் தொடும் விரல்

இஃதிகாஃபில் இருந்த நபியவர்கள் பள்ளிவாசலில் இருந்தபடியே தலையை மட்டும் வீட்டுப் பக்கம் நீட்டுவார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அந்தத் தலையைக் கழுவி, சீவிவிடுவார்கள். உலகத் தொடர்பைக் குறைத்துக்கொண்ட நாள்களிலும் தலையைப் பேணுவது கைவிடப்படவில்லை. அது வணக்கத்துக்கு இடையூறாகவும் கருதப்படவில்லை.

கையில் இருப்பது சீயக்காயா, பாக்கெட்டா என்பது அவரவர் வசதி. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது விரலை வேருக்குக் கொண்டுசெல்லும் அந்தச் சுன்னத்தை. நம் தந்தையரின் தலையை இலந்தை நீரால் மென்மையாகத் தேய்த்துக் கழுவும் நாள் ஒன்று வரத்தான் செய்யும். அதற்கு முன், அவர்கள் கண் திறந்திருக்கும்போதே, கை நடுங்கும் ஒரு முதியவருக்கு வெள்ளிக்கிழமை காலையில் வெந்நீர் வைத்துத் தலை தேய்த்துவிடும் பேறு நமக்குக் கிடைக்கட்டும். வல்ல அல்லாஹ் அகத்திலும் புறத்திலும் தூய்மையானோராக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.